சாட்சி சொல்லத் தகுதியற்றவள்

நினைவுத்தாள் என்ற சோதனைத்தாளைக் கண்டுபிடித்தவள் என்ற முறையில்தான் அங்கயற்கண்ணியை நொச்சிமேட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆணையத்தின் முன்னால் கொஞ்ச நேரம் பேசினால் போதும், மதியச் சாப்பாட்டுக்குள் கோவைக்குத் திரும்பிவிடலாம் என்று அவளுடைய ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் ஸ்ரீதரன் சொல்லியிருந்தார். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

நொச்சிமேட்டில் மீள்சக்தி என்றொரு ஆலை இருந்தது. ஓடித் தேய்ந்த மின்வண்டிகளின் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை அமிலத்தில் கழுவி, கோபால்ட்டையும் நிக்கலையும் பிரித்தெடுக்கிற ஆலை. போன வருடம் அதன் கழுவுகூடத்தில் விஷவாயு கிளம்பி ஏழு பேர் செத்துப்போனார்கள். ஏழு பேரின் உடல்களும் பின்கதவுக்குப் பக்கத்திலேயே கிடந்தன. கதவு வெளியே பூட்டியிருந்தது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது என்று நிர்வாகம் சொன்னது. பூட்டைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னது ஒரே ஒருத்தி, மாராத்தாள். செத்தவர்களில் ஒருத்தி அவளுடைய தங்கை பூவாத்தாள்.

ஊராட்சி ஒன்றியக் கூட்ட அறையில் அந்தச் சாவுகளை விசாரிக்கும் ஆணையம் உட்கார்ந்திருந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். ஆலையின் வழக்கறிஞர் பத்மநாபன் எழுந்து, பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய பிள்ளையைப் பேச அழைப்பதுபோல அங்கயற்கண்ணியை அழைத்தார்.

"டாக்டர், இந்த நினைவுத்தாள் எப்படி வேலை செய்யுதுன்னு ஆணையத்துக்கு எளிமையா சொல்லுங்க."

"உடம்புக்குள்ள ஏதாவது கிருமி வந்தா, அதைப் பிடிக்கிறதுக்கு உடம்பே ஆன்டிபாடியைத் தயார் பண்ணும்," என்றாள் அங்கயற்கண்ணி. "ஒவ்வொரு ஆன்டிபாடியும் தனக்குன்னு உள்ள ஒரு பொருளைத்தான் பிடிக்கும். அதே வேலையைச் செய்யற மாதிரி நாங்க ஆய்வகத்துல ஒரு குட்டி டி.என்.ஏ. இழையைச் செய்யறோம். அதுக்குப் பேர் ஆப்டமர். தானாவே சுருண்டு ஒரு வடிவம் எடுத்து, நாங்க சொன்ன புரதத்தை மட்டும் போய்க் கவ்விக்கும். ஆன்டிபாடியைக் குளிர்ல வெச்சுக் காப்பாத்தணும். ஆப்டமர் வெயில்ல கிடந்தாலும் தாங்கும். அதனாலதான் தாள்ல பூச முடிஞ்சது."

"உங்க தாள் எந்தப் புரதத்தைப் பிடிக்குது?"

"மூளையில இருக்கிற ஒரு புரதத்தை. ஒழுங்கா மடிஞ்சிருக்கிற வரைக்கும் அதனால நல்லதுதான். சிலருக்கு அது முறுக்கிக்கும். முறுக்கினது பக்கத்துல இருக்கிறதையும் முறுக்கிவிடும். கடைசியில மறதி நோய்ல கொண்டுபோய் விடும். நோய் தெரிய வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே அந்த முறுக்கின புரதம் எச்சில்ல கொஞ்சம் கசியும். தாளை நாக்குல வெச்சா சிவக்கும்."

"இதுவரைக்கும் தவறியிருக்கா?"

"எங்க சோதனைகள்ல தவறினதில்லை," என்றாள். சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது. இருக்காதா? தாளுக்காக அவள் உழைத்த வருடங்கள் அப்படி. நோய் முற்றுவதற்குள் மருந்து தொடங்கினால் பத்துப் பன்னிரண்டு வருடமாவது மனிதர்கள் தங்கள் பிள்ளைகளின் பெயர் மறக்காமல் வாழலாம் என்றுதான் அதைச் செய்தாள். ஆனால் தாள் சந்தைக்கு வந்ததும் முதலில் அதைக் கையில் எடுத்தவர்கள் காப்பீட்டுக்காரர்கள். அடுத்து ஓட்டுநர் உரிமம் கொடுப்பவர்கள். பிறகு ஒரு சட்டமே வந்தது. தாள் சிவந்தவர்கள் எந்த விசாரணையிலும் சாட்சி சொல்லத் தகுதியற்றவர்கள். அந்தச் சட்டத்தை அவள் செய்தித்தாளில் படித்தாள். கொஞ்சம் உறுத்தியது. அன்றைக்கு ஆய்வகத்தில் வேலை அதிகம். அதோடு விட்டுவிட்டாள்.

தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "மாராத்தாள் என்ற சாட்சியின் தாள் சிவந்திருப்பதாலும், அந்தத் தாளின் நம்பகத்தன்மையை அதை உருவாக்கியவரே உறுதி செய்திருப்பதாலும், அவருடைய வாக்குமூலத்தை ஏற்க இயலாது."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். ஒல்லியான உடம்பு, நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"ஏனுங்க சாமி, நான் பொய் சொல்றேன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன். அதுக்குச் சண்டை போடறதுக்காச்சும் எனக்கு ஒரு வழி இருக்குது. எனக்கு ஞாபகமே இல்லைன்னு சொல்லிப்போட்டீங்கன்னா நான் யாருகிட்டப் போயிச் சண்டை போடறதுங்க? என்ற மண்டைக்குள்ள இருக்கறதை நீங்க எப்படிங்க இல்லைன்னு சொல்லலாம்?"

"உட்காரும்மா," என்றார் தலைவர். அவள் உட்காரவில்லை. இரண்டு பெண் காவலர்கள் வந்து தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

அங்கயற்கண்ணி கார் கதவைத் திறக்கும்போது புங்கமரத்தடியிலிருந்து அந்தப் பெண் வந்தாள். கூட ஒரு இளம்பெண்.

"அந்தத் தாளைச் செஞ்சது நீங்கதானுங்களா?"

"ஆமாங்க."

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றனுங்க. கேட்டுப்போட்டு, எது மறந்தவ பேசற பேச்சுன்னு நீங்களே சொல்லுங்க." மாராத்தாள் குரலை உயர்த்தவில்லை. "குடிதண்ணி எடுக்க முன்பக்கம் போயிருந்தனுங்க. உள்ளார புகை கிளம்பிப்போச்சு. முன்னால போக முடியல. சுத்திக்கிட்டுப் பின்னால ஓடுனேன். கதவை உள்ளேயிருந்து இடிக்கறாங்க. வெளியே பித்தளைப் பூட்டுத் தொங்குது. கோபால்ட்டை மடியில கட்டிக்கிட்டுப் போயிருவம்னு எந்நேரமும் அதைப் பூட்டித்தானுங்க வெச்சிருப்பாங்க. வாட்ச்மேனைச் சாவி கேட்டா, மேனேஜர் சொல்லாமத் தரமாட்டேங்கறாரு. என்ற போன்லயே மேனேஜருக்குக் கூப்பிட்டேன். 'நான் வர்ற வரைக்கும் திறக்கக் கூடாது'ன்னாரு. அவர் வர்றதுக்குள்ள இடிக்கற சத்தம் நின்னுபோச்சுங்க. கடைசி வரைக்கும் இடிச்சது ஒரு கை. அது பூவாத்தா கைதான்னு எனக்குத் தெரியும். அவ வளையல் சத்தம் எனக்குத் தெரியாதுங்களா?"

அங்கயற்கண்ணி கார் கதவைச் சாத்தினாள். "அக்கா, தாள் சிவக்கிறதுன்னா இப்பவே மறந்துட்டீங்கன்னு அர்த்தம் இல்லை. இனிமே வரலாம்னுதான்…"

"அதை அங்கே உள்ளார சொல்லியிருக்கலாமுங்கள்ல?"

அந்தக் கேள்வி அங்கயற்கண்ணியின் முகத்தில் அறைந்தது. யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை. அதுதான் உண்மை.

கூட நின்ற பெண் அப்போதுதான் வாய் திறந்தாள். "என் பேர் பிரவீணா மேடம். எனக்கு இருபத்திரண்டு வயசு. எனக்கும் சிவப்பு. நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை வீட்டுல அதைக் காட்டித்தான் வேண்டாம்னுட்டாங்க. அந்த வாட்ச்மேனுக்கும் சிவப்பு. கழுவுகூடத்துல வேலை செஞ்ச எல்லாருக்குமே சிவப்பு மேடம்."

"இருபத்திரண்டு வயசுலயா? இருக்க முடியாது."

கைப்பையில் இருந்த புதுத் தாளை எடுத்துப் பிரவீணாவின் நாக்கில் வைத்தாள். எடுத்துப் பார்ப்பதற்குள் சிவந்துவிட்டது. அவ்வளவு வேகமாக அவள் பார்த்ததில்லை. முற்றிய நோயாளிகளுக்குக்கூட அப்படி வராது.

அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டுக்குக் கோவை திரும்பவில்லை. ஒரு செவிலியை வரவழைத்து, சம்மதித்தவர்கள் எல்லோரிடமும் இரத்தமும் எச்சிலும் எடுத்துக்கொண்டு மாலையில்தான் கிளம்பினாள்.

ஆய்வகத்தில் அவளோடு வேலை செய்தவன் இம்தியாஸ். தாளை நம்பாதவர்களை அவன் நம்பமாட்டான். மாதிரிகள் எல்லாமே சிவந்ததைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தான். "பாட்டில் மாறியிருக்கும் மேடம்." மறுபடி செய்தான். சிரிப்பு போய்விட்டது.

"பழைய ஆன்டிபாடி வெச்சுப் பாரு," என்றாள் அங்கயற்கண்ணி. தாளுக்கு முன்னால், ஆரம்ப காலத்தில் அவர்கள் பயன்படுத்திய ஆன்டிபாடி அது. குளிர்பெட்டியின் அடியில் உறைந்து கிடந்தது. ஆப்டமர் பிடிக்கும் இடம் வேறு, அது பிடிக்கும் இடம் வேறு. நோயில் முறுக்கிய புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலியாகும்போது வெளியே தெரியும் பக்கத்தைத்தான் அது பிடிக்கும்.

ஆன்டிபாடி எதையும் பிடிக்கவில்லை. நொச்சிமேட்டு மாதிரிகள் ஒன்றில்கூட.

"அப்படின்னா முறுக்கியிருக்கு, ஆனா சங்கிலி சேரல," என்றான் இம்தியாஸ். "பரவலைன்னா அது நோயே இல்லையே. பின்ன எதனால முறுக்குது?"

"ஏதோ அதுமேல உட்கார்ந்து முறுக்கி வெச்சிருக்கு. காத்துல திரும்பிக்கிட்ட குடை மாதிரி. கம்பி உடையல. காத்து நின்னா மடக்கித் திரும்பச் சரியாக்கிடலாம். உலோகத்தை உறிஞ்சி எடுக்கிற மருந்து இருக்கே, அதைக் கொஞ்சம் மாதிரியில விடு."

விட்டார்கள். காத்திருந்தார்கள். தாளை மறுபடி வைத்தபோது அது வெள்ளையாகவே இருந்தது. புரதம் பழையபடி மடிந்துவிட்டது. மருந்து உறிஞ்சி எடுத்ததை அளந்து பார்த்தால் கோபால்ட்.

இம்தியாஸ் நாற்காலியில் சாய்ந்தான். "மேடம், நம்ம தாள் மறதியைப் பிடிக்கல. ஆலையைப் பிடிச்சிருக்கு."

அங்கயற்கண்ணிக்கு இதில் மகிழ்ச்சி வரவில்லை. விஷம் ஏற்றியவர்கள், அந்த விஷத்தின் அடையாளத்தையே காட்டி, இவர்கள் பேச்சு செல்லாது என்று வாயடைத்திருக்கிறார்கள். அதற்குத் தன் தாள், தன் பெயர், தன் பெருமை.

இயக்குநர் ஸ்ரீதரனிடம் சொன்னபோது அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"இதை வெளிய சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? தாள் ரெண்டு காரணத்துக்குச் சிவக்கும்னு ஆயிடும். உரிமம் வாங்கின கம்பெனிக்காரன் நம்மளை விடுவானா? இந்தக் கட்டடமே அவங்க பணத்துல நிக்குது அங்கை."

"சார், அங்க ஆளுங்க உடம்புல விஷம் ஏறிக்கிட்டிருக்கு. இப்பவும் அந்தக் கூடத்துல வேலை நடக்குது."

"அதுக்கு மாசுக் கட்டுப்பாடு இருக்கு, தொழிற்சாலை ஆய்வாளர் இருக்காரு. நம்ம வேலை புரதம்."

"நம்ம வேலை புரதம்னா, என்னை எதுக்கு சார் அந்த ஆணையத்துக்கு அனுப்பினீங்க?"

அவர் சன்னலைப் பார்த்தார். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

தொழிலாளர்கள் பக்கம் வாதாடியவள் ஜெசிந்தா. சின்ன வழக்கறிஞர், பெரிய குரல். மாராத்தாளின் வீட்டில் மூவரும் உட்கார்ந்தார்கள். அங்கயற்கண்ணி எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் ஜெசிந்தா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். அது அவள் வழக்கமில்லை.

"டாக்டர், நீங்க இதை ஆணையத்துல சொன்னா பத்மநாபன் என்ன செய்வார்னு யோசிச்சீங்களா? ஆலைதான் விஷம் ஏத்துச்சுன்னு தாள் நிரூபிக்குதுன்னா, அவர் முதல் வேலையா தாளையே உடைப்பார். நம்பவே முடியாத தாள்னு அடிச்சுப் பேசுவார்."

"பேசட்டும். என்கிட்ட ஆதாரம் இருக்கு."

"இருங்க. அவர் தாளை உடைச்சா, மாராத்தாக்கா பேசக் கூடாதுன்னு போட்ட தடையும் அதோட உடையும். பூட்டு விஷயம் பதிவாயிடும். ஆனா தாள் செல்லாதுன்னு ஆயிட்டா விஷம் ஏறினதுக்குச் சாட்சி போயிடும். ரெண்டையும் சேர்த்துக் காப்பாத்த எனக்கு வழி தெரியல. நீங்க விடாம வாதாடினா ஒருவேளை தாள் நிக்கும். நின்னா அக்கா பேச முடியாது."

"நின்னாலும், எது விஷம் எது நோய்னு பிரிச்சுக் காட்ட முடியுமே," என்றாள் அங்கயற்கண்ணி.

"சட்டத்துல சிவப்புன்னா சிவப்புதான் டாக்டர். ரெண்டு சிவப்பு கிடையாது. சட்டத்தைத் திருத்தறதுக்குள்ள இந்த ஆணையம் அறிக்கை கொடுத்துட்டுப் போயிடும்."

அங்கயற்கண்ணிக்கு ஆத்திரமாக வந்தது. செத்தவர்களுக்கு நியாயம் வேண்டுமானால் உயிரோடிருப்பவர்கள் தங்கள் நியாயத்தை விட்டுவிட வேண்டும். இப்படி ஒரு கணக்கை எவன் எழுதினான்?

"நான் முடிவு பண்ணக் கூடாது," என்றாள். "இது உங்க உடம்பு அக்கா. நீங்கதான் சொல்லணும்."

மாராத்தாள் வாசலில் நின்ற பிரவீணாவைப் பார்த்தாள். கூட நின்ற மற்றவர்களைப் பார்த்தாள். பிரவீணா மெல்லத் தலையாட்டினாள்.

"பூட்டைச் சொல்லோணுமுங்க," என்றாள் மாராத்தாள். "அது என்ற தொண்டையில ஒரு வருசமா நிக்குது. உடம்பைப் பொறகு பாத்துக்கலாம். ஆனா ஒண்ணுங்க, இதை நான் சந்தோசமாச் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு வயிறு எரியுது."

அடுத்த விசாரணையில் அங்கயற்கண்ணி தன் முடிவுகளைச் சொன்னாள். ஆன்டிபாடி, கோபால்ட், திரும்ப மடிந்த புரதம், எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னாள். போன தடவை அவளை மேடையேற்றிய பத்மநாபன் இந்தத் தடவை அவளைப் பார்க்கவே இல்லை. தலைவரைப் பார்த்துப் பேசினார்.

"ஐயா, ஒரு துண்டுக் காகிதம். எச்சில் பட்டா நிறம் மாறுது. வெத்தலை போட்டாலும் மாறும், பீட்ரூட் சாப்பிட்டாலும் மாறும். இதை வெச்சு ஒரு தொழிற்சாலை மேல விஷக் குற்றம் சுமத்தறாங்க. போன மாசம் மறதின்னு சொன்ன அதே டாக்டர் இந்த மாசம் உலோகம்னு சொல்றாங்க. அடுத்த மாசம் என்ன சொல்வாங்களோ? இந்தத் தாளை எந்த ஒரு விஷயத்துக்கும் ஆதாரமா எடுத்துக்கக் கூடாதுங்கறது எங்க வாதம்."

வெற்றிலை போட்டாலும் சிவக்காது. பீட்ரூட்டுக்கும் சிவக்காது. அதை அவள் ஒரே வாக்கியத்தில் உடைத்திருக்க முடியும். நாக்கு நுனி வரை வந்தது. வாயை இறுக்கிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் செய்த உருப்படியான ஒரே காரியத்தை ஒரு மனிதன் கூசாமல் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தான். அவள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெசிந்தா எழுந்தாள். "ஐயா, ஆலைத் தரப்பின் வாதத்தை நாங்க எதிர்க்கல. எந்த ஒரு விஷயத்துக்கும் ஆதாரமாகாதுன்னு அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்யணும்னு கேட்டுக்கறோம். பதிவானதும், சாட்சி மாராத்தாளை அழைக்க அனுமதி வேணும்."

பத்மநாபனின் வாய் பாதி திறந்து நின்றது. தலைவர் அவரைப் பார்த்தார், ஜெசிந்தாவைப் பார்த்தார், முன்னால் இருந்த தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "அழையுங்கள்," என்றார்.

மாராத்தாள் வந்து நின்றாள். புங்கமரத்தடியில் சொன்னதையேதான் சொன்னாள், ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல். கைபேசியில் மேலாளர் கோகுல்நாத் சொன்னதைச் சொன்னபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் தலையைக் குனிந்துகொண்டார். வாட்ச்மேனையும் அழைத்தார்கள். முதலில் ஞாபகமில்லை என்றவர், மாராத்தாளின் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டு, ஆமாம் என்றார்.

அறிக்கை வந்தது. கதவு பூட்டப்பட்டிருந்தது, கோகுல்நாத் மீது வழக்குத் தொடரலாம் என்று அதில் இருந்தது. தொழிலாளர்கள் உடல்நிலை குறித்து ஒரே வரி: போதிய ஆதாரம் இல்லை. நினைவுத்தாளை அரசு திரும்பப் பெற்றது. அதை நம்பி மருந்து தொடங்கியிருந்த உண்மையான நோயாளிகளைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கையிருப்பில் இருந்த தாள்களை எரித்தார்கள். அங்கயற்கண்ணியின் ஆய்வகத்தைப் பூட்டி, அவளை நூலகப் பிரிவுக்கு மாற்றினார்கள். கோகுல்நாத்துக்கு ஜாமீன் கிடைத்தது. நிர்வாகம் அவரை வேலையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. கழுவுகூடத்துக்கு ஒரு புதுக் கதவு போட்டு, வேலையைத் தொடர்ந்தார்கள்.

கோகுல்நாத் ஒருநாள் நூலகத்துக்கே வந்தார். அங்கயற்கண்ணிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. ஆள் பாதியாகியிருந்தார்.

"மேடம், தாளைத் திரும்ப வாங்கறதுக்கு முந்தி வீட்டுல ஒண்ணு கிடந்துச்சு. விளையாட்டா என் பொண்ணு நாக்குல வெச்சுட்டா. சிவந்திருச்சு. ஏழு வயசு மேடம். நாங்க குடியிருக்கிறது ஆலைக்குள்ள குவார்ட்டர்ஸ்ல." அவர் குரல் உடைந்தது. "அது நோயா, மத்ததா? நீங்க பாத்துச் சொல்லணும்."

"எதை வெச்சுப் பார்க்கறது?" என்றாள் அவள். "எல்லாத்தையும் எரிக்க வெச்சது யாரு? வெத்தலை போட்டாலும் சிவக்கும்னு உங்க வக்கீல்தானே சொன்னாரு? குழந்தைக்கு பீட்ரூட் குடுத்தீங்களான்னு கேளுங்க போய்."

அவர் அப்படியே நின்றார். அவள் சொன்னது அவளுக்கே கேட்டது. ஏழு வயதுக் குழந்தை என்ன செய்தது? ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

உண்மையில் வழி இருந்தது. ஆப்டமர் என்பது நான்கு எழுத்துகளை வரிசையாகக் கோத்த ஒரு சிறு தொடர். தாளை எரிக்கலாம், தொடரை எப்படி எரிப்பது? அது அவளுக்கு மனப்பாடம். இம்தியாஸ் வெளியே ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்துவைத்திருந்தான், பழைய ஆன்டிபாடியோடு சேர்த்து. விற்கக் கூடாது என்றுதான் உத்தரவு. சோதித்துப் பார்க்கக் கூடாது என்று இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நொச்சிமேட்டுத் தெருவில் மேசை போட்டு, யார் உடம்பில் எவ்வளவு கோபால்ட் ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலையை விட்டு நின்றவர்களுக்குச் சிவப்பு மெல்ல வெளுத்துவந்தது.

அந்தக் குழந்தையின் நினைப்பு விடாமல், மாராத்தாளிடம் கேட்டாள். "கோகுல்நாத் குழந்தைக்கும் சிவந்திருக்காம், பாத்துச் சொல்லச் சொல்றார். வரச் சொல்லட்டுமா?"

மாராத்தாளின் முகம் கறுத்தது. "வரட்டுமுங்க. ஆனா தனியா வூட்டுக்குள்ள கூப்பிட்டெல்லாம் பாக்கக் கூடாது. எல்லார்த்தோடயும் வரிசையில நிக்கோணும்."

அவர் வந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றார். தெருவே அவரைப் பார்த்தது. யாரும் திட்டவில்லை, யாரும் வழிவிடவும் இல்லை. குழந்தையின் எச்சிலில் தாள் சிவந்தது, ஆன்டிபாடி எதையும் பிடிக்கவில்லை. நோய் இல்லை, உலோகம்.

"இடத்தை விட்டுப் போயிடுங்க, கொஞ்ச மாசத்துல சரியாயிடும்," என்றாள் அங்கயற்கண்ணி. "மருந்துக்கு டாக்டரைப் பாருங்க."

அவர் அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மறுவாரம் நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தார். ஆலையின் காற்றில் உலோகத் தூசி அளவுக்கு மேல் இருப்பது நிர்வாகத்துக்கு முன்பே தெரியும், அந்தத் தாள் சொன்னது உண்மை, தன் மகளே அதற்குச் சாட்சி என்று எழுதியிருந்தார். அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. அதிகாரிகள் வந்தார்கள், காற்றை அளந்தார்கள், தண்ணீரை எடுத்தார்கள். ஆலையை மூட உத்தரவு வந்தது. தொழிலாளர்களுக்கு அரசு செலவில் சிகிச்சை என்று அறிவித்தார்கள். நினைவுத்தாளை, ஆன்டிபாடிச் சோதனையோடு சேர்த்து, நோயாளிகளுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று திரும்ப அனுமதித்தார்கள். குழந்தையின் படம் பத்திரிகையில் வந்தது. கோகுல்நாத்தைத் துணிச்சலான அதிகாரி என்று எழுதினார்கள்.

அங்கயற்கண்ணி அந்தப் பத்திரிகையை மேசைமேல் எறிந்தாள். ஒரு தெரு முழுக்க இரத்தம் கொடுத்தபோது போதாத ஆதாரம், ஒரு அதிகாரியின் பிள்ளை நாக்கை நீட்டியதும் போதுமானதாகிவிட்டது. அறிவியல் அதேதான். புரதமும் அதேதான். நாக்குதான் வேறு.

ஒன்றியக் கூட்ட அறையில் ஒரு நன்றி அறிவிப்பு விழா வைத்தார்கள். மாவட்ட ஆட்சியர் வந்தார். அங்கயற்கண்ணிக்கு மேடையில் நாற்காலி, கையில் சால்வை. கோகுல்நாத்துக்கும் அப்படியே. தொழிலாளர்கள் சார்பில் நன்றி சொல்லும்படி மாராத்தாளை அழைத்தார்கள்.

அவள் மைக்கைக் கையில் எடுத்தாள். பழக்கமில்லாததால் முதலில் அது கீச்சென்று கத்தியது.

"நன்றி சொல்லோணும்னு சொன்னாங்க. நாங்க இத்தனை பேரு நாக்கை நீட்டிக் காட்டினமுங்க. எங்களைப் பைத்தியம்னீங்க. பொறகு தாளைப் பைத்தியம்னீங்க. இந்தப் பாப்பா நீட்டுச்சு, ஒரே வாரத்துல ஆலையை மூடிப்போட்டீங்க. பாப்பா நல்லா இருக்கோணும், அது ஒரு பாவமும் பண்ணல." அவள் மேடையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "நன்றி யாருக்குங்க சொல்றது?"

ஆட்சியர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார். மாராத்தாள் மைக்கை நாற்காலிமேல் வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். பிரவீணா எழுந்தாள். வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். அங்கயற்கண்ணி சால்வையை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் பின்படி வழியாக இறங்கி வெளியே வந்தாள்.

வாசலில் மாராத்தாள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கோபம் இன்னும் முகத்திலேயே இருந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா, ஆலையிலருந்து காத்து கெழக்குப் பக்கமாத்தானுங்களே அடிக்கும்?"

"ஆமா அக்கா."

"அந்தப் பக்கம் அக்கட்டால பூலாங்காடுன்னு ஒரு ஊர் இருக்குதுங்க. அவுங்க யாரும் ஆலைக்கு வேலைக்கு வந்தவுங்க இல்ல. அதனால அவுங்களைக் கேக்கவும் யாரும் போகல. ஞாயித்துக்கெழமை மேசையைத் தூக்கிட்டு அங்க போயிரலாமுங்களா?"

"போகலாம்," என்றாள் அங்கயற்கண்ணி. இம்தியாஸைக் கூப்பிட்டுத் தாள் நிறையச் செய்யச் சொன்னாள்.